முகூர்த்தக்காலுக்குக் கேரண்டி கிடையாது

புரிந்த விஷயத்தைவிடப் புரியாத விஷயத்துக்குத்தான் நான் அதிகமாகத் தலையாட்டுவேன். பள்ளிக்கூடத்தில் தொற்றிய பழக்கம் இது. "புரிஞ்சுதா?" என்று வாத்தியார் கேட்கும்போது இல்லை என்றவன் எழுந்து நிற்க வேண்டும், தலையாட்டியவன் உட்கார்ந்திருக்கலாம். நான் உட்கார்ந்தபடியே ஐந்தாம் வகுப்பு வரை வந்துவிட்டேன். அதற்கு மேல் பள்ளிக்கூடம் நின்றுவிட்டது, தலையாட்டுவது நிற்கவில்லை. அது என் மகள் கல்யாணத்தில் எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்றால், சீர்த்தட்டோடு வந்த சம்பந்திக்கு முன்னால், திறந்து கிடந்த சாக்கடைப் பள்ளத்தின் கரையில்.

வெங்காய மண்டியில் எடை போடுவது என் வேலை. மண்டியில் எல்லோரும் கத்துவார்கள், தராசுக்காரன் மட்டும் கத்த வேண்டியதில்லை. (அதற்காகவே நான் பிடித்துக்கொண்ட வேலை.) வீடு வண்டியூரில், தெப்பக்குளத்திலிருந்து நடக்கிற தூரம்.

மகள் கார்த்திகாவுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் ஆளுக்கொரு கவலையை எடுத்துக்கொண்டோம். என் மனைவி முத்துலட்சுமி புடவைக் கவலையை எடுத்துக்கொண்டாள். அவள் தம்பி தவமணி பந்திக் கவலையை எடுத்துக்கொண்டான். எனக்கு மிச்சம் இருந்தது கக்கூஸ்.

சிரிக்காதீர்கள். எங்கள் கக்கூஸில் தண்ணீர் ஊற்றினால், அது சற்று யோசித்துவிட்டுத்தான் இறங்கும். எங்கள் மூன்று பேருக்கே யோசிக்கிற குழாய், கல்யாணக் கூட்டத்தைக் கண்டால் என்ன செய்யும்? அதிலும் கல்யாணத்துக்கு முதல்நாள் சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் பெண் அழைக்க எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். கொட்டாம்பட்டிப் பக்கம் விவசாயக் குடும்பம். சம்பந்தி அதிகம் பேசமாட்டார், பார்ப்பார். நிச்சயதார்த்தத்தன்று எங்கள் வீட்டுச் சுவர் விரிசலை அவர் பார்த்த பார்வையில், அந்த விரிசல் இன்னும் ஒரு சாண் நீண்டதாகவே எனக்குத் தோன்றியது. அவர் முன்னால் கக்கூஸ் பொங்கினால் என் மகள் அந்த வீட்டில் காலத்துக்கும் தலைகுனிய வேண்டியிருக்கும். இந்தப் பயத்தில் எனக்குத் தூக்கம் போய்விட்டது.

ஆகவே அடைப்பு எடுக்கும் பாலுவை வரவழைத்தேன். முதுகில் 'கேரண்டி' என்று அச்சடித்த பனியனும், மோட்டாரில் சுற்றும் நீளமான ஸ்பிரிங் கம்பியுமாக வந்தான். வேலையை முடித்துவிட்டு வாசலில் இருந்த சேம்பர் மூடியைத் திறந்து பாடம் எடுத்தான்.

"அண்ணே, இதுதான் உங்க சேம்பர். கக்கூசு, பாத்ரூம், அடுப்படித் தண்ணி எல்லாம் இதுல வந்து சேரும். இங்கருந்து மண்ணுக்குள்ள நாலு இஞ்சு பைப்பு தெருவுக்குப் போகுது. தெரு வரைக்கும் வீட்டு லைன். அதுக்கு மேல ரோட்டு லைன், அது கார்ப்பரேசன் பாடு. நம்ம கேரண்டி வீட்டு லைனுக்கு மட்டுந்தான், மூணு மாசம். திரும்ப அடைச்சா ஃபிரீயா வந்து எடுத்துத் தருவோம். ஆனா நீங்களாத் தோண்டி லைன் உடைஞ்சாலோ, வெளிப்பொருள் ஏதும் உள்ள போனாலோ கேரண்டி செல்லாது. லைன் போற எடம் தெரியும்லண்ணே?"

நான் தலையாட்டினேன். இத்தனையிலும் என் மண்டையில் ஏறியவை 'மூணு மாசம்', 'கேரண்டி' இரண்டு மட்டுமே.

"என்னங்க சொல்லிட்டுப் போறாரு?" என்றாள் முத்துலட்சுமி.

"மூணு மாசத்துக்குக் கவலையில்ல."

"எதுக்கு?"

"எல்லாத்துக்கும்."

அடுத்து முகூர்த்தக்கால் நடும் நாள் வந்தது. எங்கள் பக்கம் வடகிழக்கு மூலையில் கல்யாண முருங்கைக் கிளை ஒன்றை நட்டு, மாவிலை கட்டி, மஞ்சள் துணியில் நவதானியம் முடிந்து, குழியில் பால் ஊற்றுவார்கள். நட்டுவிட்டால் கல்யாணம் முடியும்வரை அதன்மேல் யாரும் கை வைக்கக் கூடாது. எங்கள் வாசலோ முழுக்கச் சிமெண்ட். தாய்மாமன் என்ற உரிமையில் கடப்பாரையைத் தூக்கிய தவமணி, எங்கே உடைப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது நான் வாயைத் திறந்தேன். (விதி.)

"மாப்ள, சிமெண்ட ஏன் ஒடைக்கணும்? இந்தா, காம்பவுண்டு ஓரமா மண்ணு கெடக்கு. மெதுவா இருக்கும்."

கூட்டம் திரும்பி என்னைப் பார்த்தது. "மச்சான் யோசனையெல்லாம் சொல்றாருப்பா!" என்றான் தவமணி. எனக்குப் பெருமையில் காது சிவந்தது. வாசல் முழுக்கச் சிமெண்ட் போட்ட கொத்தனார் அந்த ஓரத்தை மட்டும் ஏன் மண்ணாக விட்டார், அந்த மண் ஏன் மெதுவாக இருக்கிறது என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். குழாய் பதிக்கத் தோண்டி மூடிய மண் வேறு எப்படி இருக்கும்? நல்ல மண் என்று நினைத்துக்கொண்டேன்.

கடப்பாரை வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கி, 'டொக்' என்றது.

"கல்லு கெடக்கு மச்சான்."

"போடு மாப்ள."

தாய்மாமன் வேகத்தில் ஒரு போடு போட்டான். "கல்லு ஒடைஞ்சுபோச்சு!" கால் கச்சிதமாக உள்ளே இறங்கி நின்றது. ஒரு சொம்புப் பால் ஊற்றினார்கள். வழக்கமாக அது குழியில் தேங்கி மெல்லத்தான் ஊறும். அன்று மடமடவென்று காணாமல் போனது. இன்னொரு சொம்பு ஊற்றினார்கள். அதுவும் போனது.

"பூமாதேவி தாகத்தோட குடிக்கிறாடி!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் முத்துலட்சுமியின் அத்தை பேச்சியம்மாள். பெண்கள் குலவை போட்டார்கள். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

நாங்கள் மூன்று பேர் இருந்தவரை குழாய் எப்படியோ சமாளித்தது. கல்யாணத்துக்கு முதல்நாள் உறவுக்கூட்டம் வந்து இறங்கி, மத்தியானம் அத்தனை பேரும் குளித்து முடித்தபோது, சேம்பர் மூடிமேல் முத்துலட்சுமி போட்டிருந்த மயில் கோலம் மெல்ல மிதக்க ஆரம்பித்தது.

கக்கூஸை மூட வேண்டும். ஆனால் அதை எப்படி வாய்விட்டுச் சொல்வது? கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். மேலூர்ச் சித்தப்பா துண்டோடு வந்தார். "சித்தப்பா, அது வந்து..." என்றேன். "வந்துதான் தம்பி போறேன்" என்று உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுவிட்டார். அடுத்து வந்தவரிடம், "அவசரமா?" என்று கேட்டேன். "பின்ன, பொழுது போகாமயா வாரேன்?" என்றார். கடைசியில் முத்துலட்சுமிதான் நடுக்கூடத்தில் நின்று, "கக்கூசு அடைச்சிருச்சு! ஒருத்தரும் போகாதீங்க!" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். நான் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

பாலுவுக்குப் போன் போட்டேன். "கேரண்டிதான் இருக்குல்லண்ணே, இந்தா வாரேன்" என்றான். வந்தான், சேம்பரில் ஸ்பிரிங் கம்பியை விட்டான், மோட்டாரைப் போட்டான்.

காம்பவுண்டு ஓரத்தில் முகூர்த்தக்கால் ஆட ஆரம்பித்தது.

மாவிலையெல்லாம் சலசலக்க, மஞ்சள் துணி துடிக்க, காற்றே இல்லாத அந்த வெயிலில் கால் தலையைத் தலையை ஆட்டியது. பேச்சியம்மாள் அத்தைதான் முதலில் பார்த்தார். "ஏ முத்துலட்சுமி! அழகரு எறங்கிட்டாருடி!" குலவை எழும்பியது. ஒருத்திக்கு அருளே வந்துவிட்டது. பாலு மோட்டாரை நிறுத்தினான், கால் நின்றது. மோட்டாரைப் போட்டான், கால் ஆடியது, குலவை கேட்டது. பாலு காலைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"அண்ணே, இங்க வாங்க. இத யாரு இங்க நடச் சொன்னா?"

நான் தவமணி பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"தோண்டக் கூடாதுன்னு அன்னைக்கே சொன்னேன்ல? தலைய ஆட்டுனீங்களேண்ணே!"

"நான் எல்லாத்துக்கும் ஆட்டுவேன் தம்பி" என்றேன்.

பாலு தலையில் கை வைத்துக்கொண்டான். "லைனுக்கு நடுவுல கால நட்டு வச்சிருக்கீங்க. இதப் புடுங்குனாத்தான் வழி."

அவ்வளவுதான். "தாலி ஏறுமுன்ன காலப் புடுங்குறதா? மொதல்ல என்னையப் புடுங்கு!" என்று முன்னால் வந்து நின்றாள் முத்துலட்சுமி. "நட்டவன் நானு. கை வச்சுப் பாரு" என்று வேட்டியை மடித்துக் கட்டினான் தவமணி.

"அப்ப கேரண்டி செல்லாதுக்கா. எங்க கணக்குல இது வெளிப்பொருள்."

"அழகரையே வெளிப்பொருள்ங்குறான் பாரு!" என்று பேச்சியம்மாள் அத்தை மண்ணை வாரித் தூற்றத் தயாரானார்.

நல்லவேளை, பாலுவுக்கே ஒரு யோசனை வந்தது. காலைத் தொட வேண்டாம். அதற்கு இரண்டு பக்கமும் குழாயை அறுத்து, வளைவுக்குப் பெண்டு போட்டு, காலைச் சுற்றிக் கொண்டுபோய் மறுபடி பழைய லைனில் சேர்த்துவிடலாம். "சாமியச் சுத்திப் பிரதட்சணம் போற மாதிரி" என்றான். அத்தை சமாதானமானார். தவமணி வண்டியை எடுத்துக்கொண்டு பைப்பும் பெண்டும் வாங்க ஓடினான்.

மண்ணைத் தோண்டிக் குழாயை அறுத்துப் போட்டிருந்த அந்த நேரத்தில்தான், சொன்ன நேரத்துக்கு முன்னதாகவே மாப்பிள்ளை வீட்டு வேன் வந்து நின்றது.

தட்டுகளோடு பெண்கள் இறங்கினார்கள். முன்னால் சம்பந்தி. நேராக வந்தவர் பள்ளத்தைக் கண்டு நின்றார். வாடை என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னலில் கார்த்திகாவின் முகம் தெரிந்தது, கண் கலங்கியிருந்தது.

"என்ன சம்பந்தி இது?" என்றார்.

தண்ணீர்க் குழாய் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு அந்த அளவு பேச்சு வராது. ஆனால் அன்று என்ன ஆனதோ, ஆயுளில் பேசாமல் சேர்த்து வைத்ததெல்லாம் மொத்தமாகக் கிளம்பி வந்தது.

"இது வீட்டு லைனுங்க. அந்தா இருக்கது சேம்பர். கக்கூசு, பாத்ரூம், அடுப்படி எல்லாம் அதுல சேரும். இது நாலு இஞ்சு. தெருவுல இருக்கது ரோட்டு லைன், அது நம்ம பாடு இல்லீங்க. மூணு மாசம் கேரண்டி, ஆனா வெளிப்பொருள் போனாச் செல்லாது, முகூர்த்தக்கால் வெளிப்பொருள். எடம் காட்டுனது நான்தாங்க. அன்னைக்குப் பாலக் குடிச்சது பூமாதேவி இல்லீங்க, பைப்பு. கால மட்டும் தொடலீங்க, அதச் சுத்தித்தான் போறோம்."

மூச்சு வாங்கி நிறுத்தினேன். தட்டு ஏந்தியவர்கள் அத்தனை பேரும் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பாலு வாயைப் பிளந்து நின்றான். அன்று அவன் சொன்ன பாடத்தில் ஒரு வரிகூட நான் விடவில்லை.

சம்பந்தி குனிந்து பள்ளத்தைப் பார்த்தார்.

"கால அசைக்கலைல்ல?"

"இல்லீங்க."

"வீடே நாறுனாலும் கால அசைக்கலைல்ல. போதும்." பிறகு பட்டு வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். "ஏ தம்பி, வாட்டம் பத்தாது. தெருப் பக்கத்து முனைய இன்னும் எறக்கு. வாய்க்கா வெட்டுனவன் சொல்றேன், எறக்கு." மண்வெட்டியை வாங்கி அவரே இரண்டு வெட்டு வெட்டினார்.

குழாய் பொருந்தியது. பசை காய்ந்தது. சம்பந்தி என் காதுப்பக்கம் குனிந்தார்.

"இப்பப் போகலாமா சம்பந்தி? கொட்டாம்பட்டியிலருந்து அடக்கிக்கிட்டு வாரேன்."

அவர் உள்ளே போனார். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது. இரு வீட்டாரும் வாசலில் மூச்சைப் பிடித்து நின்றோம். வாளித் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. சேம்பருக்குள் தலையைக் கவிழ்த்திருந்த பாலு, "போகுது! போகுது!" என்று கத்தினான். பேச்சியம்மாள் அத்தையால் பொறுக்க முடியவில்லை, குலவை போட்டுவிட்டார். அதைக் கேட்டு எல்லாப் பெண்களும் போட்டார்கள். அத்தனை குலவைக்கும் நடுவே சம்பந்தி, ஈரக்காலோடு, மாப்பிள்ளையைப் போல வெளியே வந்தார். ஜன்னலில் கார்த்திகா சிரித்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணம் நன்றாக நடந்தது. கார்த்திகாவும் மாப்பிள்ளையும் மறுவீட்டுக்கு வந்தபோது முகூர்த்தக்கால் துளிர்விட்டிருந்தது. கால் துளிர்த்தால் பெண் நன்றாக வாழ்வாள் என்பார்கள், வாழ்கிறாள். அதற்குக் கிடைத்த உரம் அப்படி. இப்போது அது மாடி உயரத்துக்குச் சிவப்பாகப் பூத்து நிற்கிறது, வெட்ட யாருக்கும் மனமில்லை. மரத்தின் வேருக்கு மட்டும் கேரண்டி கிடையாது என்று சொல்லிவிட்டு, வருடம் தவறாமல் பாலு வந்து கம்பி விட்டுப் போகிறான்.

சம்பந்தி எங்கள் வீட்டுக்கு வந்தால் அந்தப் பக்கம் போகாமல் திரும்புவதில்லை. அவர் தாழ்ப்பாள் போட்டதும் கூடத்தில் பேச்சு நின்றுவிடும். தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் பேச்சியம்மாள் அத்தை ஒரு குலவை போடுவார். சம்பந்தி கையைத் துடைத்துக்கொண்டே வந்து, முகத்தில் சிரிப்பே இல்லாமல் கேட்பார்:

"கேரண்டி இன்னும் இருக்கா சம்பந்தி?"

நான் தலையாட்டுவேன்.