கட்லா தலையும் பாசி விஷமும்

இந்த ஞாயிறு மீன் தலை எனக்குத்தான். கல்யாணமானதிலிருந்து நான் எடுத்த ஒரே வீர சபதம் இது.

ஜமுனாமரத்தூரில் எங்கள் வீட்டில் கட்லா வாங்கினால், பக்கத்து மலையூரில் இருக்கும் மச்சான் சின்னராஜுக்கு எப்படித்தான் மூக்கில் வேர்க்குமோ, அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கிவிடுவான். தம்பிக்குத் தலை, புருஷனுக்கு வால். இது என் மனைவி ஜெயசுதா போட்ட சட்டம். இதற்கு அப்பீலே கிடையாது.

ஆயுதம் தானாகவே என்னைத் தேடி வந்தது. போன வாரம் மீன் வளர்ப்பவர்களுக்கு ஒரு கூட்டம் நடந்தது. நான் வளர்ப்பது தொப்பை மட்டும்தான் என்றாலும், பன்னும் டீயும் உண்டு என்றார்கள், போனேன். வந்திருந்த மீன்வளத் துறை அதிகாரியம்மா பயமுறுத்தினார். தேங்கின தண்ணீரில் பாசி பெருகினால் சில வகைப் பாசி விஷம் கக்குமாம். அது மீனுக்குள்ளும் சிப்பிக்குள்ளும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருமாம். கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்குத் தெரியாது, கொதிக்க வைத்தாலும் போகாது. ஆய்வகத்தில் சோதித்தால்தான் தெரியும். ஈரலிலும் குடலிலும்தான் அதிகம் சேரும் என்றார். அந்த ஒன்றை மட்டும் நான் தலைக்கு இடமாற்றம் செய்துகொண்டேன்.

ஞாயிறு காலை ஆலங்காயம் போனேன். மீன்கார கோகிலவாணியிடம் எந்த ஏரி, தண்ணீர் எப்படி என்று குடைந்து குடைந்து விசாரித்து, தெளிந்த தண்ணீர் மீனாகவே வாங்கிவந்தேன். என் உயிர் எனக்கு வெல்லம் அல்லவா?

ஜெயசுதா அரிவாள்மணையில் உட்கார்ந்தாள். மச்சான் ஏற்கெனவே வந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். ஆரம்பித்தேன். பாசி, விஷம், ஆய்வகம் என்று பிளந்து கட்டினேன். மச்சான் டீயைக் கீழே வைத்துவிட்டான்.

"தலைலயா மாமா சேரும்?"

"மொத்தமும் தலைலதான்டா. ஒடம்பு சுத்தம்."

"அக்கா, எனக்குத் தலை வேணாங்க்கா."

ஆகா! எனக்குள் தாரை தப்பட்டை முழங்கியது. முகத்தில் மட்டும் தியாகத்தை வரவழைத்துக்கொண்டேன்.

"காசு குடுத்து வாங்கினது, வீணாப் போக வேணாம். நானே துன்னுட்றேன். எனக்கு இன்னா ஆனா இன்னா?"

ஜெயசுதா பதறிவிட்டாள். "இன்னா பேச்சு பேசறீங்க? உங்களுக்கு ஒண்ணுன்னா நான் எங்க போவேன்?"

அவள் கண்ணில் தண்ணீர். இத்தனைக்கும் வெங்காயம் இன்னும் உரிக்கவில்லை. எனக்கு நெஞ்சு உருகிவிட்டது.

"அப்ப இன்னாதான் பண்றது?"

"சோதிச்சாத்தான் தெரியும்னு நீங்கதான சொன்னீங்க? இவன் நாளைக்கு வேலூர் போறான். அங்க ஆய்வகத்துல குடுத்துட்டு வரட்டும்."

என் வாயால் சொன்னதை நானே எப்படி மறுப்பது? மீன் தலை, தூக்கு டப்பாவுக்குள் போனது, சுற்றிலும் ஐஸ். தம்பியைத் தெருமுனை வரை கொண்டுபோய் வழியனுப்பிவிட்டு வந்தாள். அவன் சாப்பிடக்கூட நிற்கவில்லை. பயந்தாங்கொள்ளி!

கணக்குப் போட்டுப் பார்த்தேன். எனக்குக் கிடைக்காத தலை மச்சானுக்கும் கிடைக்கவில்லை. நடுத்துண்டம் அத்தனையும் என் தட்டில். சரித்திரத்தில் இது முதல் தடவை. ஒரு பிடி பிடித்துவிட்டுத் தூங்கினேன். அப்படி ஒரு தூக்கம் ராஜாக்களுக்குக்கூட வாய்த்திருக்காது.

சாயங்காலம் மச்சான் போன் செய்தான். விஞ்ஞானி தோரணையில் எடுத்தேன்.

"டப்பாவப் பத்திரமா வெச்சிருக்கியாடா? நாளைக்கு எத்தினி மணிக்கு வேலூர் பஸ்?"

"எதுக்கு மாமா பஸ்ஸு? அக்கா அப்பவே கோகிலவாணியக்காவுக்குப் போன் போட்டு, நல்ல தண்ணி மீன்தான்னு கேட்டுடுச்சி. எம் பொண்டாட்டி ரம்யாவே புளி கரைச்சு ஊத்தி சோதனை பண்ணிட்டா. எலும்பு மட்டுந்தான் மிச்சம், அனுப்பட்டுங்களா?"