மைக்கில் சொன்ன டிஸ்பர்ஸ்

ஒரு வார்த்தைக்கு அர்த்தம் தெரிந்தால் போதும் என்று நினைத்தவன் நான். அதை எங்கே சொல்வது என்பதும் தெரிய வேண்டும். அது தெரியாததால் தங்கச்சி கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

செஞ்சியில் மைக் செட் போடுவது என் தொழில். மேல்மலையனூர் கோயில் அமாவாசைக்கு என் செட்தான் போகும். கூட்டம் நெரிந்தால் இன்ஸ்பெக்டர் என் மைக்கை வாங்கி, "டிஸ்பர்ஸ்" என்பார். கூட்டம் விரிந்து வழி விடும். நெருக்காமல் பரவி நில்லுங்கள் என்று அர்த்தம் பிடித்துக்கொண்டேன். (பக்கத்தில் லத்தியும் நின்றது. அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.)

தங்கச்சி தேவிக்கு நிச்சயம். மாப்பிள்ளை வீடு தளவானூர். தட்டு மாற்றும் நேரம். அவர்கள் நாற்பது பேர் போனைத் தூக்கிக்கொண்டு மேடையை மொய்த்தார்கள். தேவி தெரியவே இல்லை. மைக்கை எடுத்தேன்.

"மாப்ள ஊட்டாருங்க எல்லாரும் டிஸ்பர்ஸ். ஒடனே டிஸ்பர்ஸ்."

இன்ஸ்பெக்டர் குரல் தானாக வந்தது.

மாப்பிள்ளையின் தாய்மாமன் திரும்பினார்.

"ரோடு மறியல்ல இத கேட்டப்பதான் என் முட்டி போச்சு. பொண்ணு எடுக்க வந்த எடத்துலயும் இதானா?"

தட்டைத் தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டி வெளியே போனார். நாற்பது பேரும் பின்னால் போனார்கள். (சொன்னபடி கலைந்தார்கள். ஒருவரும் பாக்கி இல்லை.)

நைனா என் பக்கத்தில் வந்தார்.

"இன்னாடா சொன்ன?"

"தள்ளி நிக்க சொன்னேன் நைனா."

"வேன்ல ஏறிட்டாங்கடா."

மைக்கை ஆஃப் செய்ய எனக்குத் தோன்றவில்லை. தேவி மேடையை விட்டு இறங்கி வந்தாள். கண்ணில் தண்ணீர்.

"அண்ணனுக்கு இன்னா தெரியும் நைனா? அமாவாசைல போலீசு சொல்றத கேட்டுட்டு வந்து சொல்லுது. ஒம்பதாவதுல பெயிலாயி மூணு தபா உக்காந்த ஆளு."

வாசல் ஸ்பீக்கர் வேனுக்கு நேர் மேலே. எல்லாம் தெளிவாகப் போயிருக்கிறது. (என் செட் அப்படி.)

வேனில் முதலில் யாரோ ஒரு பொம்பளை சிரித்தாள். பிறகு வேனே சிரித்தது. தாய்மாமன் தட்டோடு திரும்பி வந்து என் முன்னால் நின்றார்.

"மூணு தபாவா?"

"ஆமாங்க."

"தட்டு மாத்திக்கலாம். ஒரே கண்டிஷன். கல்யாணத்துக்கு மைக் செட்டு வேற ஆளு."

திண்டிவனத்துச் செட் வந்தது. சொந்தத் தங்கச்சி கல்யாணத்தில் கை கட்டி உட்கார்ந்திருந்தேன். சவுண்ட் சுமார்தான்.

தேவிக்கு இப்போது ஒரு பையன். தளவானூரில் நான் பஸ்ஸை விட்டு இறங்கியதும் உள்ளே பார்த்துக் கத்துவான்.

"அம்மா, மூணு தபா மாமா வந்துட்டாரு."