செத்த அங்கிள்

உலகத்திலேயே அதிக தடவை செத்த மனிதர் எங்கள் நார்த்மீட் தெருவில்தான் குடியிருக்கிறார். வாராவாரம் தவறாமல் குப்பைத் தொட்டியை முதலில் வெளியே வைப்பவரும் அவர்தான். தெருவில் அவருக்குப் பெயரே செத்த அங்கிள்.

ஆள் ரஷ்யாக்காரர்; அந்த ஊரில் நாடகம், சினிமா இரண்டிலும் பேர் போன நடிகர். அங்கே டாக்டருக்குப் படிக்க வந்த யாழ்ப்பாணத்து அன்ரியைக் கட்டிக்கொண்டு சிட்னிக்கு வந்து சேர்ந்தவர். அவருடைய தமிழ் முழுக்க அன்ரி போட்ட பிச்சை. அதில் ஒரே ஒரு சொல் மட்டும் கோணிக்கொண்டது. பாத்திரம் கழுவச் சொன்னால் மனுஷன் இடுப்பைப் பிடித்துக்கொள்வாராம். "சும்மா நடிக்காதேங்கோ!" என்று அன்ரி அதட்டுவார். ஆகவே தமிழில் நடிப்பு என்றால் ஏதோ கள்ள வேலை என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

"நான் நடிக்கிறவன் இல்லைத் தம்பி. மேடையில ஏறினால் உண்மையாச் செத்தனான்!" என்பார்.

விளைவு, போட்ட வேஷமெல்லாம் அவர் பேச்சில் சொந்த வாழ்க்கையாக வந்து விழும். நாங்கள் குடிவந்த புதிதில் அல்வாவோடு பார்க்கப் போனேன்.

"முதல் பெண்சாதி எனக்கு நஞ்சு வச்சவள்," என்றார்.

நீட்டிய அல்வா அந்தரத்தில் நின்றது. "ஐயையோ! அப்புறம்?"

"பிறகென்ன, செத்தனான். அடுத்த கிழமை தளபதியாப் போனனான்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "வெயில்ல நடந்து போனீங்களா?" என்று கேட்டாள்.

அன்ரி இருந்தவரை, "அது நாடகம், தம்பி!" என்று சமையலறையிலிருந்து குரல் வரும். அவர் காலமான பிறகு எது வாழ்க்கை, எது வேஷம் என்று பிரித்துச் சொல்ல நாதியில்லை.

ஒரு நாள் காலையில் குப்பைத் தொட்டியோடு தலைசுற்றி விழுந்துவிட்டார். பரமட்டா பக்கம் ஓர் ஆஸ்பத்திரிக்கு அள்ளிப்போட்டுக்கொண்டு ஓடினேன். உடனே தலையை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கவேண்டும் என்றார்கள். அங்கிளுக்கு இங்கிலீஷ் ஓடாது; நல்லவேளையாக நர்ஸ் மலேசியத் தமிழ்ப் பெண்.

"அங்கிள், உடம்புல இரும்பு ஏதும் இருக்கா? இருந்தா இந்த ஸ்கேன் ஆபத்துலா."

"ஓம் பிள்ளை. நெஞ்சில சன்னம் இருக்கு."

"சன்னமா?"

"துப்பாக்கிக் குண்டுங்க," என்றேன். அவள் முகம் வெளுத்தது. நிஜமாகவே குண்டு இருந்தால் ஸ்கேன் காந்தம் அதை இழுத்து ஆளையே கொன்றுவிடும். இல்லாத குண்டுக்குப் பயந்து ஸ்கேனை விட்டால் தலைக்குள் என்ன கோளாறோ, அது கொன்றுவிடும். எனக்கே தலை சுற்றியது. "நாடகத்துலயா அங்கிள்?" என்று கெஞ்சினால், "நான் நடிக்கிறதில்லை!" என்று சீறுகிறார்.

கடைசியில் ஒரு யோசனை வந்தது. "அங்கிள், சுட்ட உடனே யாராவது கைதட்டினாங்களா?"

மனுஷன் முகம் மலர்ந்தது. "பின்னே! எழும்பி நிண்டு தட்டினவை!"

"குண்டு இல்லைங்க சிஸ்டர்!" என்று கத்தினேன். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். அதுவும் அதையேதான் சொன்னது.

அதற்குப் பிறகு நர்ஸுக்குக் குஷி வந்துவிட்டது. "காசநோய்?"

"வந்தது."

"கைதட்டு?"

"கொஞ்சம்தான்."

"சரி, அது இல்லை. மனைவி?"

"செத்துப் போனா."

"கைதட்டு?" என்று அதே வேகத்தில் கேட்டுவிட்டாள் பாவி.

"இல்லைப் பிள்ளை," என்றார் அங்கிள்.

நர்ஸ் சட்டென்று படிவத்தின் அடுத்த பக்கத்தைப் புரட்டி, "அவசரம்னா யாரைக் கூப்பிடுறது, அங்கிள்?" என்றாள்.

"மகன் இருக்கிறான்," என்று என்னைக் காட்டினார்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இதுக்குக் கைதட்டு கேக்கவா?"

"அதெல்லாம் வேண்டாங்க, சிஸ்டர்," என்றேன். "என் நம்பரை எழுதிக்கோங்க."