ஃபங்ஷன் கீயைப் பிடித்துக்கொண்டு நின்ற மதியம்

முதலில் என் எழுத்துப் பிழைகளை மன்னித்துவிடுங்கள். ஆந்திராவில், நகரியில் ஐந்தாவது வரைக்கும்தான் தமிழ் படித்தேன். எந்த இடத்தில் சின்ன 'ர', எந்த இடத்தில் பெரிய 'ற' என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. குத்துமதிப்பாகப் போட்டுவிட்டுப் போவேன். மகள் கோமதி திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். அவள் விட்டதை நீங்கள் திருத்திக்கொள்ளுங்கள்.

கூச்சம் என் கூடவே பிறந்தது. பஸ்ஸில் நான் இறங்கும் இடம் வந்தால் கண்டக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த ஸ்டாப்பில் வேறு யாராவது இறங்கும்போது கூட இறங்கித் திரும்பி நடந்து வருகிற ஆள் நான். தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூச்சப்படுகிறவன் எவ்வளவு தூரம் போவான் என்று கேட்டால், திருப்பதியிலிருந்து சித்தூர் வரைக்கும் போவான் என்று சொல்லலாம். நான் போயிருக்கிறேன்.

எனக்கு வீடு சித்தூரில், வேலை திருப்பதியில் ஒரு ஃபங்ஷன் ஹாலில். (நம் பக்கத்தில் கல்யாண மண்டபம் என்பதை அங்கே ஃபங்ஷன் ஹால் என்பார்கள்.) பாத்திரம், நாற்காலி, சாவி எல்லாம் என் பொறுப்பு. சாவிகளில் பெரிய கொத்து ஒன்று உண்டு. முன்பக்க ஷட்டரை ஏற்றி இறக்குகிற ரிமோட்டும் அதிலேயே தொங்கும். அந்தக் கொத்துக்கு ஹாலில் எல்லோரும் சொல்கிற பெயர் ஃபங்ஷன் கீ. அது இல்லாமல் அங்கே ஒரு நாற்காலிகூட நகராது.

முதலாளி ஆபீசுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கியபோது, பழைய லாப்டாப்பை என் மகளுக்குக் கொடுத்தார். நல்ல மனிதர். ஆனால் அந்த லாப்டாப் திறந்து வைத்தால் டீ போட்டுக் குடித்துவிட்டு வருகிற வரைக்கும் யோசித்துக்கொண்டிருக்கும். கோமதியின் சிநேகிதி ஒருத்தி விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் என்று ஒன்றை ஏற்றிக் கொடுத்தாள். வேகம் வந்துவிட்டது. ஆனால் மேல் வரிசையில் இருக்கிற சிறப்புக் கீகள் எல்லாம் படுத்துவிட்டன. வெளிச்சம் கூட்டுகிற கீ, சத்தம் கூட்டுகிற கீ, மைக் கீ, எதை அமுக்கினாலும் பதில் இல்லை. மைக் கீயில் ஒரு சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது. அது எரிந்தால் இவள் பேசுவது அந்தப் பக்கம் கேட்காதாம். அப்படித்தான் ஒரு ஆன்லைன் இன்டர்வியூவில் இவள் வாயை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்கள்.

அடுத்து ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனி கூப்பிட்டிருந்தது. அதுவும் ஆன்லைன்தான், மதியம் மூன்று மணிக்கு. இதுவும் போனால் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிட வேண்டியதுதான் என்று என் மனைவி சாந்தா தீர்மானமாகச் சொல்லியிருந்தாள். கோமதி அந்த வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை.

சித்தூர் கடைகளில் லினக்ஸ் என்றதும் கையை விரித்தார்கள். நான் வேலைக்குப் போகும்போது லாப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய்த் திருப்பதியில் ஒரு கடையில் கொடுத்தேன். கடை நடத்துகிற அம்மா தெலுங்குக்காரர். இன்டர்வியூ அன்று காலையில் வாங்கப் போனபோது, லாப்டாப் எழுந்திருக்கும்போது படிக்கிற ஃபைலில் ஒரு வரி சேர்த்திருப்பதாகச் சொன்னார். நான் எல்லாம் புரிந்த மாதிரி தலையை ஆட்டினேன். கடைசியாக அவர் சொன்னது மட்டும் எனக்கு நன்றாகவே புரிந்தது.

"ஃபங்ஷன் கீ பட்டுகோவாலி அண்ணா. அப்புடே பனி சேஸ்துந்தி."

ஃபங்ஷன் கீயைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அப்போதுதான் வேலை செய்யும்.

நான் அசந்து போனேன். ஆனால் யோசித்தால் நியாயமாகத்தான் இருந்தது. லாப்டாப் எங்கள் ஹால் ஆபீசில் இருந்தது. கொத்தில் ரிமோட் வேறு இருக்கிறது. முதலாளியின் கார், சாவி பக்கத்தில் இருந்தாலே கதவைத் திறந்துவிடுகிறது. கார் செய்வதை லாப்டாப் செய்யாதா? சந்தேகத்துக்கு மகளுக்குப் போன் போட்டேன். அவளும், "ஆமா நைனா, ஃபங்ஷன் கீதான் முக்கியம். அது இல்லன்னா ஒண்ணும் நடக்காது" என்றாள். அதற்கு மேல் யாரைக் கேட்பது? ஹாலில் ரிசப்ஷன் ராத்திரிதான், அலங்காரக்காரர்கள் சாயந்திரம் வருவார்கள், அதற்குள் திரும்பிவிடலாம் என்று கொத்தைப் பையில் போட்டுக்கொண்டு சித்தூர் பஸ் ஏறினேன்.

வீட்டில் கோமதி சுவரில் புதுப் போர்வை ஒன்றை மாட்டி, அதன் முன்னால் தலை வாரி உட்கார்ந்திருந்தாள். லாப்டாப்பை வாங்கித் திறந்து மைக் கீயை அமுக்கினாள். சிவப்பு விளக்கு அணையவில்லை. அவள் முகம் போன போக்கைப் பார்த்ததும் நான் சட்டென்று கொத்தை எடுத்து லாப்டாப் பக்கத்தில் நீட்டினேன். அதே நேரத்தில் அவள் கீழ் மூலையில் ஏதோ ஒரு கீயைச் சேர்த்து அமுக்கியிருக்கிறாள். விளக்கு அணைந்தது. வெளிச்சம் ஏறியது. சத்தமும் வந்தது. நான் கையை எடுக்கவே இல்லை.

இன்டர்வியூ தொடங்கியது. இரண்டு ஆண்கள், ஒரு அம்மா. அவர்கள் இங்கிலீஷில் கேட்க, என் மகளும் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் கொத்தைத் தூக்கிப் பிடித்தபடி, திருமலையில் தரிசனத்துக்கு நிற்கிறவன் மாதிரி நின்றேன். கை வலித்தது. இன்னொரு கைக்கு மாற்றினேன். கோமதி கண்ணாலேயே போ, போ என்றாள். இன்னும் பக்கத்தில் வரச் சொல்கிறாள் என்று நினைத்து ஒரு அடி கிட்டே போனேன்.

அங்கே அந்த அம்மா பேச்சை நிறுத்திவிட்டுத் தமிழில் கேட்டார். "ஏம்மா, உன் பக்கத்துல ஒரு கை சாவிக்கொத்தோட நிக்குதே. ஹவுஸ் ஓனரா?"

கோமதி பதில் சொல்வதற்குள் என் போன் அடித்தது. முதலாளி. எடுக்கிற பதற்றத்தில் ஸ்பீக்கரை அமுக்கிவிட்டேன். வீடு முழுக்க அவர் குரல்.

"முருகேசா, ஃபங்ஷன் கீ எக்கட? ரிசப்ஷன் வாள்ளு ரோட்டு மீத உன்னாரு."

ஃபங்ஷன் கீ எங்கே, ரிசப்ஷன்காரர்கள் ரோட்டில் நிற்கிறார்கள் என்கிறார். சாயந்திரம் வர வேண்டியவர்கள் முன்னாலேயே வந்துவிட்டார்கள் போல. எனக்குப் பொய் வராது. உள்ளதைச் சொன்னேன்.

"லாப்டாப்புக்குப் புடிச்சுக்கினு நிக்கிறேன் சார்."

முதலாளி போனை வைத்துவிட்டார். லாப்டாப்பில் அந்த இரண்டு ஆண்களும் மேசைக்குக் கீழே குனிந்துகொண்டார்கள். கோமதி காது வரைக்கும் சிவந்து போனாள். இந்த வேலையும் போச்சு, நானே போக்கிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் நினைத்திருந்தால் யாரோ பக்கத்து வீட்டுக்காரர் என்று சொல்லியிருக்கலாம். "எங்க நைனா மேடம்" என்றாள். நடந்ததை ஊகித்து அவர்களுக்கு விளக்கினாள். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "இந்த வேலையே போன்ல வர்றவங்களுக்கு எந்த கீய அமுக்கணும்னு சொல்றதுதாம்மா. எங்க, உங்க அப்பாவுக்குப் புரிய வை பார்ப்போம்."

கோமதி என் பக்கம் திரும்பினாள். "நைனா, ஹால்ல சமையல்காரரு தனியா வந்து கேட்டா ஸ்டோர் ரூம தொறப்பியா?"

"மாட்டேன்."

"மொதலாளி கூட நின்னா?"

"தொறப்பேன்."

"அதே ஆளுதான், கூட யார் நிக்கிறாங்கன்றதுலதான் இருக்குது. மேல இருக்கிற கீங்க எல்லாம் சமையல்காரரு. மூலையில Fn-னு ரெண்டு எழுத்து போட்டிருக்குது பாரு, அதான் மொதலாளி. அது பேருதான் ஃபங்ஷன் கீ. அதப் புடிச்சுக்கினு இத அமுக்கு."

என் வாழ்க்கையில் ஒரு விஷயம் அவ்வளவு சீக்கிரம் புரிந்ததில்லை. புரிந்த சந்தோஷத்தில் அமுக்கியும் பார்த்துவிட்டேன், மைக் கீயை. சிவப்பு விளக்கு எரிந்தது. கோமதி நன்றி சொல்லிக்கொண்டிருந்தது அவர்களுக்குப் போகவில்லை. அந்த அம்மா காதைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார். மறுபடியும் அமுக்கினேன். அணைந்தது.

நான் திருப்பதி போய்ச் சேர்ந்தபோது, ஹால் வாசலில் மூடிய ஷட்டரின் மேலேயே பூ அலங்காரம் செய்து முடித்திருந்தார்கள். மேளக்காரர்கள் படியில் உட்கார்ந்து வாசிக்க, பெண்ணும் மாப்பிள்ளையும் ஷட்டருக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் ரிமோட்டை அமுக்கியதும் அலங்காரம் அப்படியே சுருண்டு மேலே போய்விட்டது. முதலாளி என்னைப் பார்த்து வாயைத் திறந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, மகளுக்கு என்ன ஆச்சு என்று மட்டும் கேட்டார்.

அவளுக்கு வேலை கிடைத்தது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு அந்த அம்மா இந்தக் கதையைச் சொல்லித்தான் பயிற்சியைத் தொடங்குகிறாராம். என் வீட்டில் கேட்கவே வேண்டாம். மிக்சி நின்றாலும், குழாயில் தண்ணீர் வராவிட்டாலும், சாந்தா முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொல்வாள். "சும்மா குந்திக்கினு இருக்கியே, வந்து கொஞ்சம் சாவியப் புடிச்சுக்கினு நில்லு."

நானும் போய் நிற்கிறேன். சில நேரம் தண்ணீர் வந்துவிடுகிறது.

இதை எழுதியது: ஹாலில் முகூர்த்தம் இல்லாத ஆடி மாதம், பதினேழாம் தேதி, செவ்வாய்க்கிழமை.