புள்ளிவேட்டி மேஸ்திரியும் நீலப் புகையும்

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் ஓடுகிற பழைய லாரிகளில், புள்ளிவேட்டி மேஸ்திரியின் இடுப்புத் துணியைக் கறையாக்காத லாரி ஒன்றுகூட இல்லை என்று நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

புகை விடுகிற வண்டி வந்தால் மற்ற மெக்கானிக்குகள் இன்ஜினைத் திறப்பார்கள். மேஸ்திரி வேட்டியை அவிழ்ப்பார். பயப்பட வேண்டாம், உள்ளே முழங்கால் வரைக்கும் கோடு போட்ட டிராயர் உண்டு. வெள்ளை வேட்டியைச் சைலன்சர் வாய்க்கு நேரே விரித்துப் பிடித்துக்கொண்டு, "ரைஸ் குடு" என்று ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொல்வார். காய்ந்த கரிப்புள்ளி விழுந்தால் டீசல் சரியாக எரியவில்லை. பிசுபிசுவென்று விழுந்தால் இன்ஜின் ஆயிலும் சேர்ந்து எரிகிறது. பார்த்து முடித்ததும் அதே வேட்டியை இடுப்பில் கட்டிக்கொண்டு போய்விடுவார்.

என் தங்கை கல்யாணத்துக்கும் அதே வேட்டிதான். முன்வரிசையில் உட்கார்ந்து சம்பந்தி வீட்டாருக்குப் புள்ளி புள்ளியாக விளக்கம் சொன்னார். "இது மயிலம் ஜல்லி வண்டி. இது செஞ்சி நெல்லு வண்டி. இது யாருதுன்னு தெர்ல, சாம்பாரா இருக்கும்." ஒருநாள் வேட்டி துவைக்கப் போயிருந்த நேரம் பார்த்துப் புகை வண்டி வந்துவிட்டது. எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த கட்சிக்காரரிடம் போய், "தலைவரே, வேட்டிய ஒரு அஞ்சு நிமிசம் குடுங்க" என்றார். அந்த மனுஷன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினவர்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தங்கை வீட்டுக்காரர் ஏழுமலை மச்சானுக்குச் சொந்தமாக ஒரு பழைய லாரி. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டை ஏற்றி ஓட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று அது நீலமாகப் புகை விட ஆரம்பித்தது. தினமும் இன்ஜினில் செருகியிருக்கிற அளவுக் குச்சியை உருவி ஆயில் அளவு பார்ப்பார், குறைந்திருக்கும், ஊற்றுவார். மறுபடியும் குறையும், மறுபடியும் ஊற்றுவார். மேஸ்திரியோ பேத்திக்குக் காது குத்த வெளியூர் போயிருந்தார். வேறு இரண்டு மெக்கானிக்குகள் பார்த்து, "பிஸ்டன் ரிங் போச்சு, இன்ஜினை இறக்கணும்" என்று கையை விரித்தார்கள். அதற்கு மச்சானிடம் வசதி இல்லை. வண்டியை உடைக்கக் கொடுப்பதாக விழுப்புரத்துக் காயலான் கடைக்காரரிடம் பேசி முடித்துவிட்டார். வண்டி போனால் இனி யாருக்காவது சம்பளத்துக்கு ஸ்டியரிங் பிடிக்க வேண்டியதுதான். தங்கை அழுத அழுகையில் எங்களுக்குச் சோறு இறங்கவில்லை.

வண்டியைக் கொண்டுபோய் விடுகிற அன்று காலையில் மேஸ்திரி ஊரிலிருந்து வந்து இறங்கினார். சேதி கேட்டதும் பையைக்கூட வைக்காமல் வேட்டியை அவிழ்த்தார். பிசுபிசுப்பு. "ஆயில்தான்" என்றவர், இன்ஜின் காற்று விடுகிற குழாயில் கையை வைத்துப் பார்த்தார். "ரிங் போயிருந்தா இங்க குப்பு குப்புனு தள்ளணும். தள்ளல." பிறகு குச்சியை உருவி வெளிச்சத்தில் பிடித்தார். அவர் முகம் அப்படியே மலர்ந்தது.

"டேய், இது இந்த வண்டிக் குச்சியே இல்லடா. நாலு விரல் குட்டை. ஆயிலு எட்டலன்னு நீ ஊத்திக்கினே இருந்திருக்க. கழுத்து வரிக்கும் ஊத்துனா அது புகையாத் துப்பாம இன்னா பண்ணும்?"

மேஸ்திரிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "எந்த மடையன்டா இத்த சொருவுனது? அவன் கையில ஸ்பேனர் குடுத்தவன மொதல்ல ஒதைக்கணும். குடும்பத்தையே தெருவுல நிறுத்தப் பாத்தானே."

"நீங்கதான் மேஸ்திரி" என்றார் மச்சான் மெதுவாக. "பழசு ஒடைஞ்சப்ப உங்க டப்பாலேர்ந்து எடுத்து நீங்கதான் போட்டீங்க."

மேஸ்திரி குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நானா?" என்றார். அப்புறம் குரலை இன்னும் ஏற்றினார். "அப்ப நான்தான் மடையன். என் கையில ஸ்பேனர் குடுத்தவனத்தான் ஒதைக்கணும்." டீக்கடைப் பக்கம் திரும்பி, "எல்லாரும் நல்லாக் கேட்டுக்குங்க" என்று ஆரம்பத்திலிருந்து இன்னொரு தடவை திட்டினார்.

மிகுதி ஆயிலை இறக்கிவிட்டு ஸ்டார்ட் செய்தால் அப்போதும் நீலப் புகைதான். "சைலன்சர்ல தேங்கினது எரிஞ்சு தீரணும். ஜல்தி ஏறுங்க. விழுப்புரம் போறதுக்குள்ள நிக்கலன்னா வண்டியோட என்னையும் சேத்து ஒடைக்கச் சொல்லு" என்று டிராயரோடு ஏறி உட்கார்ந்தார்.

கூட்டேரிப்பட்டில் இறங்கி வேட்டியைப் பிடித்தார். பிசுபிசுப்பு. விக்கிரவாண்டியில் பிடித்தார். அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் புள்ளி. விழுப்புரத்தில் காயலான் கடைக்காரர் ஆட்களோடு வாசலிலேயே நின்றிருந்தார். வேட்டியில் வெள்ளையாக மிச்சம் இருந்தது ஒரே ஒரு மூலை. மேஸ்திரி அதைப் பிடித்தார். மச்சான் மிதி மிதியென்று மிதித்தார். மூலை வெள்ளையாகவே இருந்தது.

"வண்டி உனக்கு இல்ல, போ" என்று ஷேர் ஆட்டோக்களுக்கு நடுவே டிராயரோடு குதித்தார் மேஸ்திரி. கடைக்காரர் புகையே இல்லாத சைலன்சரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

திரும்பும்போதுதான் மேஸ்திரியின் குரல் இறங்கியது. "என்னால உன் வண்டியே போயிருக்கும் ஏழுமல."

"ஆமா, போயிருக்கும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் மச்சான். "வூட்டுக்கு வாங்க. உங்க பொண்ணு மாதிரிதான அவ. நீங்களே அவகிட்ட சொல்லுங்க."

வந்தார். குட்டைக் குச்சியில் தொடங்கி, தன்னைத் திட்டிக்கொண்டது வரைக்கும் ஒரு வார்த்தை குறைக்காமல் தங்கையிடம் சொன்னார். ஊரானைத் திட்டுகிற அதே வாயால் தன்னையும் திட்டிக்கொள்கிற ஒரு மனுஷனை நான் அவரிடம்தான் பார்த்தேன். அந்த ஆளை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.