பள்ளிக்கூடத்துப் பெட்டியும் என் மாடுகளும்

அன்புத் தம்பி விக்கோவுக்கு,

மோர்ஸ் தீவிலிருந்து உன் அண்ணன் ஹோல்கர் எழுதிக்கொள்வது. நானும் உன் அண்ணி டோவேயும் உடம்பளவில் சௌக்கியம். மாடுகள் சௌக்கியமில்லை. ஓல்போர் நகரத்தில் நீயும் நீ பாடம் நடத்தும் தொழிற்பள்ளிப் பிள்ளைகளும் நன்றாக இருக்கவேண்டும் என்று நினைக்கத்தான் பார்க்கிறேன், இன்னும் முழு மனசு வரவில்லை. போனில் பேசினால் கத்துவேன் என்று டோவே என் போனை எங்கோ ஒளித்து வைத்துவிட்டாள். அவள் இன்று பல் காட்ட ஓல்போர் வருகிறாள், கடிதத்தை உன் கையிலேயே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

என் அறுபதாவது பிறந்தநாளுக்கு எல்லோரும் கொடியேற்றி, எனக்கென்று கட்டிய பாட்டைப் பாடி, சட்டையும் ஷ்னாப்ஸ் சாராயமும் கொடுத்தார்கள். நீ மட்டும் ரிப்பன் சுற்றிய ஓர் இரும்புப் பெட்டி கொடுத்தாய். நெட்வொர்க் சுவிட்ச் என்றாய். "அண்ணே, கொட்டகையில கேபிள் சொருக இடம் பத்தலன்னு சொன்னீங்கல்ல, இது எங்க ஆய்வுக்கூடத்துல பசங்க பழகின பெட்டி, கல்லு மாதிரி இருக்கு, சும்மா சொருகினா போதும்" என்றாய். சொருகினால் போதும் என்று நீ சொன்னதற்கு டோவே சாட்சி. இதை நீ மறுக்கமுடியாது.

செவ்வாய்க்கிழமை காலை கன்றுக்குட்டிகளுக்கு ஒரு கேமரா வைக்கலாமென்று, கொட்டகையில் ஏற்கெனவே இருக்கும் இதே மாதிரிப் பெட்டிகளோடு இதையும் ஒரு கேபிளால் சேர்த்தேன். பச்சை விளக்குகள் வரிசையாக எரிந்தன. டோவேயைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு, பெருமையாகக் காபி போடப் போனேன். காபி இறங்குவதற்குள் பால் கறக்கும் ரோபோக்கள் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றுவிட்டன, மாடுகளுக்குத் திறக்கும் கேட் திறக்கவில்லை, சாணி தள்ளும் வண்டி நடைபாதையின் குறுக்கே படுத்துக்கொண்டது, நினைத்தபோது உள்ளே போய்க் கறந்துகொண்டு வரும் மாடுகள் அத்தனையும் வாசலில் நின்று கத்த ஆரம்பித்துவிட்டன. இதில் விருந்தினர் குடிலில் இருக்கும் ஜெர்மன்காரர்களுக்கு மட்டும் இணையம் அமோகமாக வந்ததாம், மாட்டுச் சத்தத்தில் படம் பார்க்கமுடியவில்லை என்று சொல்ல வந்தார்கள். என் ரோபோவுக்கு இல்லாத இணையம் அவர்களுக்கு எப்படி இருந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சரி, புதுப் பெட்டிதான் வில்லங்கம் என்று அதைப் பிடுங்கிவிட்டேன். ஒன்றும் சரியாகவில்லை. விக்கோ, இதுதான் என் மண்டையைக் குடைகிறது. வந்த விருந்தாளியை வெளியே அனுப்பிய பிறகும் வீட்டுக்காரர்கள் தங்கள் பெயரை மறந்து முழித்துக்கொண்டு நிற்பார்களா? மறுபடி சொருகினேன், மறுபடி பிடுங்கினேன், மொத்தக் கொட்டகையையும் அணைத்துப் போட்டேன். ஜெர்மன்காரர்களின் படம் நின்றது, அவ்வளவுதான்.

கடைசியில் ரோபோ கம்பெனியின் அவசர எண்ணில் லிஸ்பெத் என்ற பெண் கிடைத்தாள். என்ன மாற்றினீர்கள் என்று கேட்டாள். ஒன்றுமே மாற்றவில்லை, ஒரே ஒரு பெட்டி சேர்த்தேன் என்றேன். ஒரு கேபிளுக்குள்ளேயே ரோபோவுக்கு ஒரு பாதை, ஆபீசுக்கு ஒரு பாதை என்று பிரித்து வைத்திருக்கிறார்களாம், அதற்கு வீலான் என்று பெயராம். அப்புறம் அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், உனக்காவது புரிகிறதா பார்.

"உங்க பெட்டிங்க ஒண்ணு சொல்றத இன்னொண்ணு தானாவே கேட்டுக்கற மாதிரி வச்சிருக்காங்க. பாதைய மாத்தற ஒவ்வொரு தடவையும் ஒரு எண் ஏறும். யார்கிட்ட பெரிய எண் இருக்கோ அதுதான் புதுசுன்னு மத்ததெல்லாம் நம்பி, தன்கிட்ட இருந்தத அழிச்சிடும். பள்ளிக்கூடத்துப் பசங்க தினம் மாத்தி மாத்திப் பழகியிருப்பாங்க, அதோட எண்ணுக்கு உங்களுது பக்கத்துலயே வராது."

"புதுசா இருந்தா சரியா இருக்கணுமா?" என்று கேட்டேன்.

"அது பெட்டிக்குத் தெரியாதுங்க" என்றாள். பள்ளிக்கூடத்துப் பெட்டிக்கும் என் பெட்டிகளுக்கும் வைத்த பெயரும் கடவுச்சொல்லும் ஒன்றாக இருந்தால்தான் இந்தக் கூத்து நடக்குமாம், இங்கே இரண்டும் ஒன்றாக இருக்கிறதே, யார் அமைத்துக் கொடுத்தது என்றாள். தம்பி என்றேன். எதையும் தொடாதீர்கள், நானே கிளம்பி வருகிறேன் என்றாள்.

நம் அப்பாவின் பால் கூட்டுறவுச் சங்கத்தில் இரண்டு மாட்டுக்காரனுக்கும் ஒரு ஓட்டு, இருநூறு மாட்டுக்காரனுக்கும் ஒரு ஓட்டு. ஊர் மண்டபத்துத் திரைச்சீலையை மாற்றுவதற்குப் பல கூட்டம் போட்டு, கேக் தின்று, மாற்றவேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள் நாங்கள். அப்படிப்பட்ட ஊரில், நேற்று வந்த ஒன்று, அதிக தடவை மாறிக் குழம்பியது நான்தான் என்று சொன்னதும் மற்றதெல்லாம் எழுந்து நின்று சாவியைக் கொடுத்துவிட்டதே. ஒரு பெட்டிகூடவா கைதூக்கி ஆட்சேபிக்கவில்லை?

லிஸ்பெத் வீபோரிலிருந்து காரில் வந்து சேரும்வரை மாடுகள் தாங்கவேண்டுமே. வேலிச் செடி வெட்டிய தகராறிலிருந்து என்னோடு பேசாத பக்கத்துப் பண்ணை எய்னார், சத்தம் கேட்டு, பரணில் கிடந்த பழைய வாளிக் கறவை இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். நான் வேலிச் செடியைப் பற்றி என்னவோ சொல்ல வாயெடுத்தேன். "பேச்சு அப்புறம். மாட்டப் புடி" என்றான். நாங்கள் மூன்று பேரும் நின்றவாக்கில் கறந்தோம். பெர்லே இருக்கிறாளே, அவள் மடி கல்லாகிவிட்டது, தொட்டால் உதைக்கிறாள், அப்புறம் உதைக்கவும் தெம்பில்லாமல் என் தோளில் தலையை வைத்துக்கொண்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, எய்னார் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். ஒரு காம்பு தேறாது என்று மாட்டு டாக்டர் சொல்லிவிட்டார்.

லிஸ்பெத் வந்து பாதைகளையெல்லாம் மறுபடி போட்டுக் கொடுத்து, இனி எந்தப் பெட்டியும் எதன் பேச்சையும் கேட்காதபடி செய்துவிட்டுப் போனாள். நானும் அதே மாதிரிதான் இருக்கப்போகிறேன். விளக்கு எரியும் எந்தப் பொருளோடும் நீ என் வாசல்படி மிதிக்கக்கூடாது. கிறிஸ்துமசுக்கு வரலாம், வெறுங்கையோடு வா, பையை வெளியே வைத்துவிட்டு வா.

உனக்கும் உன் வீட்டாருக்கும் நோய்நொடி இல்லாமல், கறவை குறையாமல், கடவுள் நல்லது செய்யட்டும்.

உன் அண்ணன்,
ஹோல்கர்

பி.கு.: மேலே வாசல்படி பற்றி எழுதியதை அடித்துவிடு. நான் இதை எழுதிக்கொண்டிருந்தபோது, எய்னார் செய்த உதவிக்கு வெறும் கேக் கொடுத்தால் நன்றாயிருக்காது என்று டோவே அந்தப் பெட்டியையும் சேர்த்துக் கொடுத்து அனுப்பிவிட்டாளாம். அவனும் இப்போது ரோபோவில்தான் கறக்கிறான், அவன் கொட்டகையிலும் கேபிள் சொருக இடமில்லையாம். அங்கேயும் அமைத்துக் கொடுத்தது நீதானாமே, இதே பெயர், இதே கடவுச்சொல். எனக்குத் தெரியாதே தம்பி. டோவே போனைத் தந்துவிட்டாள், எய்னார் எடுக்கவில்லை, நீயும் எடுக்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் மாடுகள் கத்துவது எனக்கு நன்றாகக் கேட்கிறது. நான் வாளியோடு ஓடுகிறேன். டோவே பல் வைத்தியத்தை விட்டுவிட்டு நேரே உன்னைத் தேடித்தான் வருகிறாள், இந்தக் கடிதத்தைப் படித்துக்கொண்டு நிற்காமல் அப்படியே அவள் காரில் ஏறு. இதை முதல் வரியில் எழுதியிருக்கவேண்டும், மேலே இடமில்லை.