மூன்றாவது கயிறு

“ஒரு எழுத்தை அடிச்சா, அது திரையில வர்றதுக்குள்ள கதையே மறந்துபோகுதுங்க,” என்றாள் மனைவி.

“பேக்கப் ஓடுதும்மா. ஓடினா நல்லதுதான்,” என்றார் அவள் கணவரான லிஃப்ட் மெக்கானிக்.

அவரை மெச்சத்தான் வேண்டும். எந்த லிஃப்டும் ஒற்றைக் கயிற்றில் தொங்கக் கூடாது என்பது இருபத்தாறு வருடமாக அவருக்கு வேதவாக்கு. மனைவி யாருக்கும் ஒரு பக்கம்கூடக் காட்டாமல், ஏழு வருடமாகக் கூச்சத்தோடு எழுதிய நாவலோ ஒரே ஒரு கணினியில் தொங்கிக்கொண்டிருந்தது. நாற்பது அத்தியாயம். திருத்தி முடித்ததும் பதிப்பகத்துக்குப் போக வேண்டும்.

முதல் கயிறு, வெளியே செருகும் ஹார்ட் டிஸ்க். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மொத்தத்தையும் நகலெடுக்கச் சொன்னதில்தான் கணினி தள்ளாடியது. சரி என்று, இங்கே எது மாறுகிறதோ அது மட்டும் அங்கேயும் மாறும்படி வைத்தார். வேகம் திரும்பியது.

இரண்டாவது கயிறு, கணினிக்குள்ளேயே ஒரு நகல். அதை நாவல் இருந்த ஃபோல்டருக்குள்ளேயே வைத்தார். மறுநாள் கணினி அந்த நகலையும் சேர்த்து நகலெடுத்தது. அதற்கு மறுநாள் அதையும் சேர்த்து.

மூன்றாவது, மெயில். மனைவி தினம் ஓர் அத்தியாயம் திருத்துவாள். மாலை ஆறு மணிக்கு அது தானாகப் போய்விடும். அவர் குடியிருப்புச் சங்கச் செயலாளரும்கூட. தண்ணீர் வராது, லிஃப்ட் நிற்கும் என்று மற்ற முப்பத்தைந்து வீடுகளுக்கும் ஓயாமல் மெயில் அனுப்புகிறவர். முகவரி கேட்ட இடத்தில் விரல் பழகியதை அடித்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

“லிஃப்ட்ல என்னைப் பார்த்தா எல்லாரும் பேச்சை நிறுத்திடறாங்க,” என்றாள் மனைவி ஒருநாள்.

“செயலாளர் சம்சாரம்னு மரியாதை,” என்றார்.

நாற்பதாவது நாள் மாலை ஐந்தரைக்கு, இடமில்லை என்றது கணினி. திறந்து பார்த்தால் நாவலுக்குள் நாவல், அதற்குள் இன்னொரு நாவல்.

“எதையும் தொடாதீங்க.”

“அதிகப்படியா இருக்கிறதை மட்டும் எடுக்கறேன்.”

எடுத்தார். மேலே இருந்த ஃபோல்டரை எடுத்தார். உள்ளே இருந்த அத்தனையும் அதோடு போயிற்று. பதறாமல் ஹார்ட் டிஸ்கைத் திறந்தார். அது சொன்ன பேச்சைத் தட்டாதது. இங்கே அழிந்ததை அங்கேயும் அழித்துவிட்டுச் சமர்த்தாக இருந்தது.

மனைவி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். அவர் அவசரமாகத் தன் மெயிலைத் திறந்தார். ஒன்றுகூட வந்திருக்கவில்லை.

“மூணு கயிறும் அறுந்துபோச்சும்மா. என்னை மன்னிச்சிடு.”

“விடுங்க. யாரும் படிக்காத கதைதானே,” என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. ஏழு வருட உழைப்பு போன நேரத்திலும் புருஷனைத் தேற்றுகிற மனசு எத்தனை பேருக்கு வரும்?

ஆறரைக்கு அழைப்பு மணி அடித்தது. வாசலில் கட்டடத்தின் வாட்ச்மேன், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

“தப்பா நினைக்காதீங்கய்யா. அம்மா கூச்சப்பட்டு நிறுத்திடுவாங்கன்னுதான் இத்தனை நாளா யாரும் வாயைத் திறக்கல. இன்னைக்குப் பொறுக்க முடியாம கேட்டுட்டு வரச் சொன்னாங்க.”

“என்னத்தைக் கேக்கணும்?”

“முப்பத்தொன்பது அத்தியாயமும் டாண்ணு ஆறு மணிக்கு வந்துச்சாம், கடைசி அத்தியாயம் எங்கேன்னு முப்பத்தஞ்சு வீடும் கீழ வந்து நிக்குது.”